ஆடிக் காற்றில் சுற்றிய குழாய்கள்

முருகம்மாள் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. 2003ஆம் ஆண்டு சித்திரை மாதம். எம். புதுப்பட்டிக்குத் தெற்கே கல்கிடங்குக் காலனியில் புதிதாகக் கட்டிய பேட்டரி அறைக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தது. மதுரையிலிருந்து வந்த அறக்கட்டளைக்காரர்கள் நாலு பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சாவியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். அவள் தாம்பாளத்தைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள். பிறகு இன்ஜினியர் இராமகிருஷ்ணனிடம் கேட்டாள்.

"சார், இந்தப் பெட்டிக நெறஞ்சதும் உள்ள தண்ணி கொதிக்கும்னு சொன்னீகள்ல. கொதிச்சா என்ன வரும்?"

"கேஸ் வரும். கொஞ்சம்தான்."

"அது தீப்பத்துமா?"

"பத்தும். ஆனா இந்த அளவுக்கு ஒண்ணும் ஆகாது. அதான் ஜன்னல் இருக்கே."

"ஜன்னல் இடுப்பு உசரத்துல இருக்கு. கேஸ் மேல போகுமா, கீழ தங்குமா?"

"மேல போகும்."

"அப்ப மேல ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க. பெறகு வாங்கிக்கிறேன்."

அன்று விழா சாவி கொடுக்காமலே முடிந்தது. நாலு நாள் கழித்து ஒரு கொத்தனார் வந்து கூரையை ஒட்டி எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு துளைகள் இட்டு, கம்பி வலை வைத்துப் பூசினார். முருகம்மாள் முக்காலி மேல் ஏறி ஒரு துளைக்கு நேரே முந்தானையைப் பிடித்தாள். துணி ஆடியது. இறங்கிவந்து சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. ஆறாம் வகுப்பு வரை படித்தவள். பதினாலு வருடம் நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்திருந்தாள். அறைக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும், வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும், இரும்புச் சாமான் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பதினாலு வருடமும் அவள் அறையில் எதுவும் நடக்கவில்லை. மருந்து பட்டுப் பட்டு இரண்டு உள்ளங்கையும் வெடித்துப் புண்ணானதால் நின்றுவிட்டாள். அவ்வளவுதான். ஆனால் பத்துகிற பொருளோடு ஒரே அறையில் இருப்பது எப்படி என்பது அவள் உடம்பில் தங்கிவிட்டது.

காலனியில் முப்பத்தெட்டு வீடுகள். மூடிப்போன கல் குவாரியை ஒட்டிய புறம்போக்கு. விவசாயக் காட்டு வேலை இல்லாமல் போனபோது சுற்று ஊர்களிலிருந்து பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு, பிறகு ஓடு போட்டன. பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் மின்வாரியம் இணைப்புத் தரவில்லை. கூப்பிடு தூரத்தில் கம்பி போயிற்று, காலனிக்குள் வரவில்லை. அதனால்தான் அறக்கட்டளை வந்தது. குவாரி மேட்டில் ஒரு காற்றாடி மிஷின், அறையின் கூரையில் எட்டுச் சூரியத் தகடுகள், உள்ளே மரத்தாங்கியில் இரண்டு வரிசையாக இருபத்துநாலு செல்கள். ஒவ்வொரு செல்லும் முழங்கால் உயரம். பகலில் வருகிற மின்சாரம் அவற்றில் போய் நிற்கும். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு ஒரு விளக்கு, தெருவுக்கு ஐந்து விளக்கு, சாவடியில் ஒரு டிவி. பொறுப்பாள் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. எண்களைத் தடுமாறாமல் வாசித்த பெண் முருகம்மாள்தான்.

செல்லுக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழல் கொடுத்திருந்தார்கள். தலையில் ரப்பர்க் குமிழ், உள்ளே ஒரு மிதவை. குமிழை அமுக்கி விட்டால் செல்லிலிருந்து அமிலம் ஏறும், மிதவை நிற்கிற இடத்தில் எண்ணைப் பார்க்க வேண்டும். அவள் அதைப் பீச்சாங்குழல் என்றாள். பன்னிரண்டு நாற்பது என்றால் நிறைவு. பதினொன்று எண்பதுக்குக் கீழே போகவிடக் கூடாது. தினமும் மாலை ஐந்து மணிக்கு நாலு செல்லைச் சோதித்து நோட்டில் எழுதுவாள். பிறகு அறை வாசலில் ஒரு துணியைக் கட்டுவாள். பச்சை என்றால் விளக்கும் உண்டு, டிவியும் உண்டு. மஞ்சள் என்றால் விளக்கு மட்டும். சிவப்பு என்றால் எட்டு மணியோடு சரி. இந்தத் துணி ஏற்பாடு அவளே செய்தது. வீட்டு வாசலில் நின்று ஒவ்வொருவரும் "இன்னைக்கு எம்புட்டு நேரம்?" என்று கேட்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் பச்சைத்துணி இறங்கவே இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று குவாரி மேட்டில் மோதி மிஷினைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. காலனிக்காரர்கள் விளக்குக்குப் பழகினார்கள். பழகியதும் விளக்கில் வேலை வைத்துக்கொண்டார்கள். பெண்கள் எல்லோருக்கும் வீட்டில் காகிதக் குழாய் சுற்றும் தொழில் உண்டு. காகிதத்தைக் கம்பியில் சுற்றிப் பசை போட்டு உருவினால் ஒரு குழாய். மருந்து பிறகு தொழிற்சாலையில்தான் ஏறும். முன்பெல்லாம் சிம்னி விளக்கில் கண் எரிய ஒரு மணி நேரம் சுற்றினவர்கள் இப்போது மூன்று மணி நேரம் சுற்றினார்கள்.

புரட்டாசி பிறந்ததும் காற்று நின்றது. வானம் மூட்டம் போட்டது. தீபாவளிக்கு முந்தின சீசன் அதுதான். காலனிக்குக் காகிதம் இறக்கிக் குழாய் எடுத்துப் போகிற ஏஜெண்ட் சீனிவாசகம் நாளுக்கு இரண்டு முறை மினி வேனில் வர ஆரம்பித்தார். எந்த மாதத்தில் விளக்கு அதிகம் வேண்டுமோ அந்த மாதத்தில் செல்லில் ஒன்றும் இல்லை. முருகம்மாள் சிவப்புத் துணி கட்டினாள்.

இரண்டாம் நாளே பானுப்பிரியா வந்தாள். இருபத்திரண்டு வயது, அச்சங்குளத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். காலனியில் அவள் அளவு குழாய் சுற்ற ஆள் கிடையாது.

"மதினி, இன்னும் ரெண்டு மணி நேரம் விடுங்க. காலைல வேன் வந்துரும். பாதிலே கெடக்கு."

"குழல்ல பதினொன்னு அறுபதுதான் காட்டுது, பிள்ள."

"ஒரு நாளைக்குத்தான மதினி. சிம்னில சுத்துனா பசை தெரிய மாட்டேங்கு."

அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. முருகம்மாள் வீட்டிலும் காகிதம் பாதியாகத்தான் கிடந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் அவசரத்துக்கென்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் செல் இறங்கினாலும் விளக்கு எரியும். பிரசவம், பாம்புக்கடி மாதிரி நேரத்துக்கு மட்டும் என்று இராமகிருஷ்ணன் சொல்லியிருந்தார். அவள் அமுக்கினாள். அடுத்த நாளும் அமுக்கினாள். மொத்தம் ஆறு நாள்.

ஆறு நாளும் குழல் காட்டிய எண்ணை அப்படியே நோட்டில் எழுதினாள். பதினொன்று நாற்பது, பதினொன்று இருபது, பதினொன்று. ஐப்பசியில் இராமகிருஷ்ணன் வந்து நோட்டைப் புரட்டியபோது அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"என்னக்கா இது? பொத்தானை அமுக்கினீங்களா?"

"ஆமா சார்."

"தெரிஞ்சா அமுக்கினீங்க?"

"தெரிஞ்சுதான்."

அவர் நோட்டை மூடிவிட்டுக் குழலை எடுத்தார். செல்களைச் சோதித்தார்கள். இருபத்துமூன்று செல்கள் மெதுவாக ஏறி வந்திருந்தன. பதினேழாம் செல் ஏறவில்லை. தொட்டால் சுட்டது. புதுச் செல்லுக்கு எழுதிப் போடுகிறேன், ஆறு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

ஆறு மாதம் காத்திருந்தால் மற்றவையும் கெடும் என்று முருகம்மாளுக்குப் பட்டது. ஆனால் உறுதியாகத் தெரியவில்லை. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை அவள் சிவகாசியில் முகம்மது நூகு கடையில்தான் வாங்குவாள். லாரி பேட்டரி பழுது பார்க்கிற கடை. கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு மெதுவாகப் பேசுகிறவர். அடுத்த முறை கேனோடு போனபோது அவரிடம் சொன்னாள்.

"ஒரு செல்லு செத்தா மத்ததையும் இழுத்துக்கிட்டுப் போயிரும்மா. வரிசையா நிக்கிறதுல ஒருத்தர் ஒக்காந்துட்டா பின்னால உள்ளவுக எப்படி நடப்பாக? அதத் தூக்கி வெளிய வச்சிருங்க. பதினாறையும் பதினெட்டையும் ஒரு கனத்த கேபிள்ல சேத்துருங்க."

"வோல்ட் கொறையுமே பாய்?"

"ரெண்டு கொறையும். கன்ட்ரோல் பெட்டி வெளக்கக் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்திரும். அது உங்களுக்கு நல்லதுதான்."

கேபிளை அவரே வெட்டி இரண்டு முனையிலும் மாட்டுவதற்கு ஈயக் காது வைத்துக் கொடுத்தார். முருகம்மாள் மறுநாள் பகல் பதினோரு மணிக்கு வேலையை ஆரம்பித்தாள். தகடுகளின் சுவிட்சை இறக்கி, காற்றாடி மிஷினைச் சுழலாமல் கட்டி, ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தாள். கை வளையலைக் கழற்றினாள். ஸ்பேனரின் பிடி முழுக்கச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினாள். அவள் புருஷன் சங்கையா, சிவகாசியில் லோடு ஏற்றுகிறவன், செல்லைத் தூக்க மட்டும் உள்ளே வந்தான். அது அவனே திணறித் தூக்குகிற கனமாக இருந்தது.

"இத்தன கனத்துல ஒண்ணுமே இல்லைங்கிறியே," என்றான்.

"இருந்துச்சு. நான்தான் காலி பண்ணேன்," என்றாள் அவள்.

பதினேழாம் செல் அறைக்கு வெளியே மூலையில் வெகு நாள் நின்றது. புதுச் செல் வரவே இல்லை.

மறு வருடம் ஆடி. காற்று பலமாக அடித்தது. காலை பத்து மணிக்கெல்லாம் செல்கள் நிறைந்து கொதிக்கத் தொடங்கிவிடும். அதற்கு மேல் வருகிற மின்சாரத்தை என்ன செய்வது? அறையின் துளை இல்லாத வெளிச் சுவரில் வலை வைத்த ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. அதற்குள் ஹீட்டர்க் கம்பி. மிச்ச மின்சாரம் எல்லாம் அந்தக் கம்பிக்குப் போய்ச் சூடாகி வீணாகும். மிஷின் சுமையில்லாமல் ஓடினால் இறக்கை பிய்ந்துவிடும், அதனால் எரித்தே ஆக வேண்டும். பகல் முழுவதும் அந்தக் கம்பி செக்கச்செவேலென்று இருந்தது. முருகம்மாள் எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குழாய் சுற்றிக்கொண்டே அதைப் பார்த்தாள். முந்தின புரட்டாசியில் ஆறு நாள் விளக்குக்காக ஒரு செல்லைக் கொன்றது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. இங்கே ஒரு நாளில் எரிகிறது அந்த ஆறு நாளுக்குப் போதும்.

இராமகிருஷ்ணன் வந்தபோது கேட்டாள்.

"சார், இதப் புரட்டாசிக்குன்னு வைக்க முடியாதா?"

"செல்லுல வச்சா மூணு நாலு நாளைக்குத் தாங்கும்க்கா. ரெண்டு மாசத்துக்கு வைக்கணும்னா இந்த ஊர் முழுக்கச் செல்லா அடுக்கணும். அப்பவும் தானாவே கொஞ்சம் கொஞ்சமா எறங்கிரும்."

"அப்ப பெரிய பெரிய கரண்ட் ஆபீஸ்ல எல்லாம் எப்படி வைக்காங்க?"

"அவங்களும் வைக்கிறதில்ல. அப்பப்ப உண்டாக்கி அப்பப்ப செலவழிக்கிறதுதான். ஆழியாறு பக்கம் கடம்பாறைன்னு ஒரு எடம் இருக்கு. மிச்சமா கரண்ட் இருக்கிற நேரத்துல கீழ் அணைத் தண்ணிய மேல் அணைக்கு ஏத்திருவாங்க. வேணுங்கிற நேரத்துல தெறந்துவிட்டுக் கரண்ட் எடுப்பாங்க. நமக்கு மலையும் இல்ல, தண்ணியும் இல்ல."

"தண்ணிய ஏத்தி வைக்கிறதுன்னா, செய்ய வேண்டிய வேலைய முன்னாலயே செஞ்சு வைக்கிறதுதான?"

"ஒரு வகைல அப்படித்தான்," என்றார் அவர். அவருக்குப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது.

அவர் போன பிறகு அவள் யோசித்தது நீளமான யோசனை இல்லை. காலனியில் மின்சாரம் எதற்குப் போகிறது? பாதிக்கு மேல் குழாய்க்குப் போகிறது. புரட்டாசியில் சுற்றுகிற குழாயை ஆடியிலேயே சுற்றினால் என்ன? குழாய் செல் மாதிரி இறங்காது. அடுத்த முறை வேன் வந்தபோது சீனிவாசகத்திடம் பேசினாள்.

"அண்ணாச்சி, இப்பவே லோடு எறக்குங்க. சீசனுக்கு வேண்டியதச் சுத்தி வச்சிருறோம்."

"ஆடி மாசம் யாரு தாயி குழாய் கேக்கா? ஆர்டரே ஆவணிக்கு மேலதான் வரும். எந்தக் கம்பெனிக்கு எந்தச் சைஸுன்னு யாருக்குத் தெரியும்?"

"நீங்க எறக்குற பேப்பர்ல பாதி ஒரே சைஸுதான். முக்கா இஞ்சுக் குழாய். நான் இந்தக் காலனிக்கு வந்ததுல இருந்து அது மாறல. அதமட்டும் குடுங்க."

சீனிவாசகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சீசனில் குழாய் போதாமல் கம்பெனிக்காரர்களிடம் பேச்சு வாங்குகிறவர் அவர்தான்.

"மூணு லோடு குடுக்கேன். பொறுப்பு உன்னோடது."

"சரி."

பச்சைத் துணி பறந்த அந்த இரண்டு மாதமும் முப்பத்தெட்டு வீட்டிலும் பெண்கள் மாலையிலிருந்து பத்து மணி வரை சுற்றினார்கள். சுற்றினதைக் கட்டுக்கட்டாகப் பரணில் அடுக்கினார்கள். பேட்டரி அறையில் இடம் இருக்கிறதே என்று ஒருத்தி கேட்டபோது காகிதம் ஒரு துண்டுகூட அதற்குள் வரக் கூடாது என்று முருகம்மாள் சொல்லிவிட்டாள். புரட்டாசி இரண்டாம் வாரம் சீனிவாசகம் எடுக்க வந்தார். பரணிலிருந்து முதல் கட்டை இறக்கியதுமே வாடை வந்தது. அவர் ஒரு குழாயை எடுத்து விரலால் அமுக்கினார். நசுங்கியது. உள்ளே எட்டிப் பார்த்து முருகம்மாளிடம் நீட்டினார். உள்சுவரில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை.

"இதுல மருந்து செலுத்துனா நிக்காது தாயி."

மூன்றில் ஒரு பங்கு குழாய் கழிந்தது. அதிகம் சுற்றியவள் பானுப்பிரியா என்பதால் அதிகம் கழிந்ததும் அவளுடையதுதான். வேன் போன பிறகு அவள் முருகம்மாள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"நீங்க சொன்னீகன்னுதான மதினி சுத்துனேன்."

ஒரு வாரம் தண்ணீர்க் குழாயடியில் முருகம்மாளோடு யாரும் பேசவில்லை. சங்கையா சாப்பிடும்போது, "நீ பேட்டரிய மட்டும் பாத்துருக்கலாம்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அது அதிகம் உறைத்தது.

கழிந்த குழாய்களில் ஒரு சாக்கை அவள் தன் வீட்டுக்கு எடுத்து வந்தாள். அரிவாள்மணையில் வைத்து ஒவ்வொன்றாக நெடுக்கப் பிளந்தாள். வெளிச்சுற்று மொடமொடவென்று இருந்தது. நாலாம் சுற்றுக்குக் கீழே பசை இன்னும் பிசுபிசுத்தது. எந்தக் குழாயும் மேலிருந்து நனையவில்லை, உள்ளேயிருந்துதான் கெட்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது. சீசனில் சுற்றுகிற குழாயை மறுநாளே வேன் எடுத்துப்போய்விடும், கம்பெனிக் கூடத்தில் விரித்து உலர்த்திவிடுவார்கள். ஆடியில் சுற்றினது அப்படி உலரவே இல்லை. மாலையில் சுற்றி, மறுநாள் சாரல் மூட்டத்தில் அரை நாள் காயவைத்து, பரணில் ஏற்றியிருக்கிறார்கள். பரண் மேல் தப்பில்லை. உலர்ந்தது போதவில்லை.

பிளந்த குழாய் ஒன்றைத் தாளில் மடித்து வைத்திருந்து இராமகிருஷ்ணனிடம் காட்டினாள். அந்த ஹீட்டர்ப் பெட்டியை இடம் மாற்றி, அதன் சூட்டில் குழாய் உலர்த்த ஒரு கொட்டகை போட முடியுமா என்று கேட்டாள். அவர் முதலில் காகிதத்தையும் தீயையும் ஒரே இடத்தில் வைப்பதா என்று பயந்தார். அவள் தரையில் கரியால் கோடு போட்டுக் காட்டினாள். இங்கே பெட்டி. பெட்டிக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர். சுவருக்குக் கீழே ஒரு துளை, கொட்டகையின் எதிர்ப்புறம் மேலே ஒரு துளை. சூடான காற்று மட்டும் உள்ளே போய் மேலே வெளியேறும். கம்பி கண்ணில் படாது. துளையில் இரட்டை வலை. கொட்டகை வாசலில் மணல் வாளி.

அவர் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத எங்க படிச்சீங்க?"

"படிக்கல சார். மருந்து அறைல எது எங்க இருக்கக் கூடாதுன்னு பதினாலு வருசம் சொல்லிக்கிட்டே இருந்தாக."

2005 ஆனி மாதம் கொட்டகை எழும்பியது. கூரைத் தகரத்தை அறக்கட்டளை தந்தது, செங்கல்லைக் காலனிக்காரர்கள் குவாரியின் இடிந்த அலுவலகத்திலிருந்து பிடுங்கிவந்தார்கள். முதல் பத்து நாள் முருகம்மாள் தன் வீட்டுக் குழாயை மட்டும் உள்ளே வைத்தாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை நாலு குழாயைப் பிளந்து பார்த்தாள். மூன்றாம் நாளில் உள்சுற்று வரை உலர்ந்திருந்தது. பதினோராம் நாள் பானுப்பிரியா தன் கட்டைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்தாள். வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு மற்றவர்கள் வந்தார்கள்.

முன்பு வீணாக எரிந்த கம்பி அந்த ஆடியில் காலனி முழுதுக்கும் வேலை செய்தது. காற்று விளக்காக எரிந்து குழாய் சுற்ற உதவியது, மிச்சக் காற்று சூடாகி அந்தக் குழாயை உலர்த்தியது. சீனிவாசகம் இந்த முறை ஐந்து லோடு இறக்கினார். புரட்டாசியில் வழக்கம் போலக் காற்று நின்று ஒன்பது நாள் தொடர்ந்து சிவப்புத் துணி தொங்கியது. யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. எட்டு மணிக்கு விளக்கு அணைந்ததும் படுத்துக்கொண்டார்கள். கழிவு என்று சீனிவாசகம் தள்ளியது ஒரு கைப்பிடி. பானுப்பிரியா சீசன் நடுவில் நாலு நாள் அச்சங்குளத்துக்கு, அவள் அம்மா வீட்டுக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்வந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து புரட்டாசியில் ஊருக்குப் போனது அதுதான் முதல் தடவை. வரும்போது முருகம்மாளுக்கு ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்து, "சாத்தூர்ல வாங்குனேன் மதினி," என்று மட்டும் சொன்னாள்.

அந்த இருபத்துமூன்று செல்களும் அதன் பிறகு ஒரு நாளும் பதினொன்று எண்பதுக்குக் கீழே இறங்கவில்லை. நோட்டு அப்படித்தான் சொல்கிறது. அவசரப் பொத்தானை 2006இல் ஒருமுறை அமுக்கியிருக்கிறாள். எதிரே 'பிரசவம், கடைசி வீடு' என்று எழுதியிருக்கிறது.

2007 ஆவணியில் காலனிக்குப் பட்டா வந்தது. இரண்டு மாதத்தில் மின்கம்பம் நட்டார்கள், வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தார்கள். ஃபேன் வந்தது, மிக்ஸி வந்தது. பேட்டரி விளக்கு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை, முருகம்மாளும் முதல் மாதமே ஒரு டேபிள் ஃபேன் வாங்கினாள். தை மாதம் அறக்கட்டளையிலிருந்து லாரி வந்து செல்களை ஏற்றிக்கொண்டு போனது. வேறு ஊருக்கா, ஈயத்துக்கு உருக்கவா என்று ஏற்றியவர்களுக்கும் தெரியவில்லை. அவள் கடைசியாக ஒருமுறை குழலை விட்டு ஒவ்வொரு செல்லின் எண்ணையும் வாய்விட்டுச் சொன்னாள். லாரிக்காரர்கள் அதை எழுதிக்கொள்ளவில்லை. செத்துப்போன பதினேழாம் செல்லையும் அவர்கள் சேர்த்தே ஏற்றினார்கள். காற்றாடி மிஷின் மட்டும் இன்னும் ஒரு வருடம் நின்றது. அதை இழுத்துக் கட்டியிருந்த இழுகம்பி துருப்பிடித்ததால் அதையும் இறக்கினார்கள்.

2008இல் மின்வெட்டு தொடங்கியது. முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, சில நாள் அதற்கும் மேல். சிவகாசியில் அச்சகங்கள் முடங்கின. கம்ப்யூட்டர் வைத்து டிசைன் செய்கிற கடைகள் எல்லாம் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கின. வாங்கியவர்கள் தண்ணீர் ஊற்ற மறந்தார்கள். சில மாதங்களிலேயே பேட்டரிகள் செத்து, விற்றவர் மேல் பழி வந்தது. அந்தப் பழியில் பெரும்பாதி முகம்மது நூகு கடை வாசலில் வந்து நின்றது. அவர் எம். புதுப்பட்டிக்குப் பஸ் ஏறி, விசாரித்துக் கல்கிடங்குக் காலனிக்கு வந்தார். முருகம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

"எனக்கு விக்கிற ஆளு இருக்கும்மா. பாத்துக்கிற ஆளுதான் இல்ல. வாரத்துக்கு நாலு நாள் வந்தீகன்னா ரூட்டுப் போட்டுக் குடுக்கேன்."

"பேட்டரிய நான் பாத்துக்குவேன் பாய். ஆனா கரண்ட் இல்லாத நேரத்துல அவுக என்ன என்ன ஓட்டுறாகன்னும் நான்தான் சொல்லுவேன். கேக்கலன்னா அந்தக் கடைக்குப் போமாட்டேன்."

"அதுக்குத்தானம்மா கூப்பிடுறேன்," என்றார் நூகு.

இப்படியாக 2009 வாக்கில் சிவகாசியில் நாற்பத்துச் சொச்சம் இடங்களுக்கு அவள் போய்க்கொண்டிருந்தாள். தோளில் ரெக்சின் பை, அதில் குழல், ரப்பர்க் கையுறை, ஒரு கேன் தண்ணீர். அச்சக முதலாளிகள் முதலில் அவளைப் பெருக்க வந்தவள் என்று நினைத்தார்கள். ஒருவரிடம், மின்வெட்டு நேரத்தில் ஏசியைப் போட்டால் பேட்டரி ஒரு வருடம், போடாவிட்டால் நாலு வருடம், எது வேண்டும் என்று கேட்டாளாம். அவர் ஏசி ஒயரைக் கழற்றிவிட்டு, காகிதம் வெட்டுவது, கட்டுவது மாதிரி மின்சாரம் வேண்டாத வேலைகளை வெட்டு நேரத்துக்குத் தள்ளிவைத்தார்.

அந்த வருடம் ஆனியில் சாத்தூர் பஸ் நிலையத்தில் இராமகிருஷ்ணனைப் பார்த்தாள். அறக்கட்டளை வேலையை விட்டு, கயத்தாறு பக்கம் பெரிய காற்றாலைகளைப் பராமரிக்கும் கம்பெனியில் சேர்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. காலனி எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னாள். சீனிவாசகம் இப்போது மற்ற ஊர்களிலும் ஆடி லோடு இறக்குகிறார் என்றும், உலர்த்துகிற கொட்டகைக்கு விறகு அடுப்பு வைத்துவிட்டார்கள், சுவரும் துளையும் மட்டும் அப்படியே இருக்கின்றன என்றும் சொன்னாள்.

"உங்க எடத்துல காத்து எப்படி சார்?"

"நல்ல காத்து. ஆனா சில நாள் மிஷின நிறுத்தச் சொல்றாங்க. லைன்ல அவ்வளவையும் வாங்க முடியலைன்னு."

"இங்கன கரண்ட் இல்லைன்னு ரெண்டு மணி நேரம் நிறுத்துறாக."

"அது மாசி பங்குனில அதிகம். இது ஆனி ஆடில. ரெண்டும் ஒரே நாள் வர்றதில்ல."

"நிறுத்துனா அந்தக் காத்து?"

"போயிரும்க்கா. என்ன பண்றது?"

எத்தனை மிஷின் என்று அவள் கேட்டாள். அவர் ஒரு எண் சொன்னார். இவ்வளவு பெரிய இறக்கைகள் சும்மா நிற்பதை அவளால் மனதில் கொண்டுவர முடிந்ததா என்று தெரியவில்லை. "சாப்பிட்டீகளா சார்?" என்று கேட்டாள். அவர் சாப்பிட்டிருந்தார்.

சிவகாசி வண்டி வந்தது. ஒரு ஆஸ்பத்திரியிலும் இரண்டு அச்சகத்திலும் அன்று தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் செல் முனைகளில் பச்சையாக உப்புப் பூத்திருப்பதாக முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவ அரை மணி நேரம் ஆகும். அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கேனைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள்.